கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு போடும் டாப் பிளாக்: வேலூர்ப் பக்கம் கேட்டு வாங்கத் தகுந்ததா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுக்கிறார்கள், முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்க்கப் போவதில்லை என்றால், வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியான டாப் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். சிசேரியனுக்கும் இதே பதில்தான். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே) செய்கிறார்கள் என்றால் போட்டால் சரி, போடாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. அடியிறக்கத்துக்காக (கர்ப்பப்பை கீழே இறங்குவது) கீழ்வழியே கர்ப்பப்பை எடுப்பவர்களுக்கு இது வேண்டாம். அங்கே வயிற்றில் தையலே இல்லை, வலி வரும் பாதை வேறு.

வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் அடுக்காக இருக்கின்றன. மேலே இருப்பது வெளிச்சாய்வுத் தசை, நடுவில் உட்சாய்வுத் தசை, அடியில் குறுக்குத் தசை. அடிவயிற்றுத் தோலுக்கும் தசைக்கும் உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள், நடுத் தசைக்கும் குறுக்குத் தசைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில்தான் ஓடுகின்றன. அந்த இடைவெளியில் மரக்கச் செய்யும் மருந்தைப் பரப்பினால் தையல் போட்ட இடத்தின் வலி மூளைக்குப் போகாது. இதுதான் டாப் பிளாக். 2001-இல் ராஃபி என்பவர் இடுப்புக்கு மேலே கையால் தடவி இடம் கண்டு போடும் முறையாக இதை எழுதினார். 2007-இல் ஹெப்பார்டு குழுவினர் ஸ்கேனில் பார்த்துப் போடும் முறையை எழுதிய பிறகு உலகெங்கும் பரவியது.

ஊசி எதைத் தொடாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் கேட்கும் குறைகளில் பாதி, அதற்கு இல்லாத வேலையை அதனிடம் எதிர்பார்ப்பதால் வருபவை. டாப் பிளாக் வயிற்றுச் சுவரின் வலியை மட்டுமே தடுக்கும். சிசேரியனுக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கும்போது இழுத்துப் பிடிக்கும் வலி, குழந்தை பால் குடிக்கும்போது கூடும் அந்த வலி, உள்ளே வெட்டிக் கட்டிய இடத்தின் ஆழமான வலி, வாயு அடைத்து உப்பும் வலி, யூரின் ட்யூப் உறுத்தல், லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்பட்டையில் வரும் வலி ஆகிய எதுவும் இதில் அடங்காது. தோள்பட்டை வலிக்குக் காரணம் வயிற்றை உப்பவைக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு வாயு. அது உதரவிதானத்தை உறுத்த, அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் தோளில் வலி தெரிகிறது. இந்த வலிகளுக்கெல்லாம் மாத்திரையும் டிரிப்ஸும்தான் பதில். “பிளாக் போட்டாங்க, இன்னும் வலிக்குதே” என்று சொல்லும் பெண்ணிடம் எந்த இடத்தில், எந்த மாதிரி வலிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தையல்மேல் விரல் வைத்தால் சுள்ளென்கிறதா, உள்ளே பிசைகிறதா? முதலாவது என்றால் பிளாக் எடுக்கவில்லை, அதாவது வேலை செய்யவில்லை. இரண்டாவது என்றால் பிளாக் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, கூட வேறு மருந்து தேவை.

தையல் எங்கே என்பதைப் பொறுத்தும் பலன் மாறும். பிகினி கோட்டில் போடும் குறுக்குத் தையலுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி நன்றாக எடுக்கும். தொப்புளுக்கு மேலே போகும் நெடுந்தையல் என்றால் இடுப்பு மட்டத்தில் போட்ட ஊசி மேல்வயிற்றை எட்டாது. விலா எலும்பின் ஓரமாக மேலே இன்னும் இரண்டு, ஆக நான்கு ஊசி வேண்டும், மருந்தையும் நான்காகப் பிரிக்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய்க்காக மார்புக்குழி வரை திறக்கும் ஆபரேஷனுக்கு முதுகுத் தண்டை ஒட்டி வைத்து மருந்து செலுத்தும் எபிடூரல் ட்யூப்தான் சரியான தேர்வு. அங்கே டாப் பிளாக்கை மட்டும் நம்பச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கீழ்வழி ஆபரேஷனுக்கு முதுகு ஊசியோடு, கர்ப்பப்பை வாயைச் சுற்றிப் போடும் ஊசியோ, இடுப்புக்குழியின் அடியில் ஓடும் புடெண்டல் நரம்புக்குப் போடும் ஊசியோ பொருந்தும்.

க்யூ.எல். பிளாக் என்ற பெயரையும் பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்கலாம். அது இன்னும் பின்னால், முதுகுத் தசையை ஒட்டிப் போடுவது. மருந்து முதுகெலும்பின் பக்கமாகப் பரவினால் உள்வலிக்கும் ஓரளவு கேட்கும், கூடுதல் நேரமும் நிற்கும். ஆனால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஊசி ஆழம் போகும், தொடை பலவீனமாகும் வாய்ப்பும் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸபெரின் ஊசி போடுபவர்களுக்கு ஆழமான பிளாக் என்பதால் முதுகு ஊசிக்குப் பார்க்கும் அதே எச்சரிக்கையோடு நேரம் பார்த்துத்தான் போட வேண்டும்.

இனி செய்முறை. பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து தையல் போட்டதும், முதுகு ஊசியின் மரப்போ முழு மயக்கமோ தெளிவதற்கு முன் தியேட்டரிலேயே போடுவார்கள். அதனால் குத்துவது நோயாளிக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே போட்டால் ஸ்கேன் படம் தெளிவாக இருக்கும், ஆனால் ஊசி வேலை செய்யும் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஆபரேஷனுக்குள்ளேயே கழிந்துவிடும். முடிவில் போடுவதை நாங்கள் ஆதரிக்கிறோம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, அக்குளிலிருந்து நேர்கீழாக வரும் கோட்டில் 2% குளோர்ஹெக்சிடின் ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, ஸ்டெரைல் உறை போட்ட தட்டை முனை ஸ்கேன் புரோபை வைப்பார்கள். உடல் பருமனானவர்களுக்கு வளைந்த புரோப் வேண்டிவரும். மூன்று தசையும் திரையில் மூன்று பட்டையாகத் தெரியும், நடுப் பட்டைதான் தடிமன். 22 அல்லது 23 கேஜ், 8 முதல் 10 செ.மீ. நீள ஊசியை முன்பக்கத்திலிருந்து புரோபின் நேர்கோட்டில் நுழைத்து, முனையைக் கண்ணை எடுக்காமல் பார்த்தபடி கொண்டுபோக வேண்டும். நரம்பு பிளாக்குக்கென்றே வரும் ஊசி திரையில் பளிச்சென்று தெரியும். நம் ஊரில் பல இடங்களில் முதுகு ஊசியையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். கைப்பழக்கம் உள்ளவரிடம் அதில் தவறில்லை.

முனை சரியான இடத்துக்கு வந்ததும் 1 அல்லது 2 மி.லி. சலைன் செலுத்திப் பார்ப்பார்கள். இரண்டு தசைக்கும் நடுவே கறுப்பாக, பருப்பு வடிவில் ஒரு குளம் விரிந்தால் இடம் சரி. அப்படி விரியாமல் தசையே உப்பினால் முனை தசைக்குள் இருக்கிறது. மருந்து போயும் திரையில் எதுவும் தெரியாவிட்டால் முனை வயிற்றுக்குள்ளோ ரத்தக் குழாயிலோ இருக்கலாம், உடனே நிறுத்த வேண்டும். பிளாக் எடுக்காமல் போவதற்கு முதல் காரணம் இந்த இடத்தில் காட்டும் அவசரம். சரியாக இருந்தால் 5 மி.லி.க்கு ஒருமுறை பின்னிழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்துப் பார்த்து மருந்தைச் செலுத்துவார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. வேலை செய்ய 15 முதல் 30 நிமிடம் ஆகும்.

அளவுதான் இந்தச் சேவையின் உயிர். மரக்கச் செய்யும் மருந்தான ப்யூபிவகெய்ன் 0.5% என்றால் 1 மி.லி.யில் 5 மி.கி. இருக்கிறது, 20 மி.லி. வயல் (மருந்துக் குப்பி) ஒன்றில் 100 மி.கி. அதோடு 20 மி.லி. சலைன் கலந்தால் 0.25% வலுவில் 40 மி.லி. கிடைக்கும், பக்கத்துக்கு 20 மி.லி. பாதுகாப்பான உச்சம் உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால், 50 கிலோ பெண்ணுக்கு 100 மி.கி.யோடு கதவு மூடிவிடுகிறது. முதுகு ஊசியில் ஏற்கெனவே 10 மி.கி. அளவு போயிருந்தால் மிச்சம் 90, அதாவது பக்கத்துக்கு 18 மி.லி. மட்டும்தான். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் பெண்களில் 42 கிலோ, 43 கிலோ என்று வருபவர்கள் உண்டு. அவர்களுக்கும் வழக்கம்போல ஒரு வயலை அப்படியே கலந்து முழுவதையும் போடுவது தவறு. இந்த ஊசியில் மருந்து பரவ வேண்டும் என்பதால் மி.லி.யைக் குறைப்பதைவிட வலுவைக் குறைப்பது நல்லது. அதே வகையைச் சேர்ந்த ரோபிவகெய்ன் 0.2% பக்கத்துக்கு 20 மி.லி. போட்டால் மொத்தம் 80 மி.கி. அதன் உச்சம் கிலோவுக்கு 3 மி.கி. என்பதால் ஒல்லியானவர்களுக்கு நிம்மதியான தேர்வு. தையல் போடும்போது டாக்டரம்மாவும் தன் பங்குக்குக் காயத்தைச் சுற்றி அதே மருந்தை ஊசி போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இருவரும் பேசிக்கொள்ளாமல் போட்டால் அளவு மீறும். எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் மயக்க டாக்டரிடம் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.

முதுகு ஊசியிலேயே 100 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்த்துவிட்டால்? 18 முதல் 24 மணி நேரம் வலி அடங்கியிருக்கும், உள்வலியும் சேர்த்து. அதற்கு மேல் டாப் பிளாக் போட்டால் கூடுதல் பலன் மிகக் குறைவு. அதற்குத் தனியாகப் பணம் கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மார்ஃபினின் விலை என்னவென்றால் உடம்பெல்லாம் அரிப்பு, குமட்டல், சிறுநீர் இறங்கத் தாமதம், அபூர்வமாக மூச்சு மந்தமாவது. அதனால் இரவு முழுவதும் மூச்சு எண்ணிக்கை பார்க்க ஆள் வேண்டும். முதுகு ஊசியில் மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் மட்டும் சேர்த்திருந்தால் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அவர்களுக்கு டாப் பிளாக் தேவை. ஆகவே அட்மிஷன் அன்றே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “சார், முதுகு ஊசியில மார்ஃபின் சேர்ப்பீங்களா? இல்லைன்னா வயித்துல நரம்பு ஊசி போடுவீங்களா?”

இந்த வட்டாரத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய வட ஆற்காட்டின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பெண்களுக்கான ஆபரேஷன்கள் சி.எம்.சி. போன்ற பெரிய போதனா மருத்துவமனையில் மட்டும் நடப்பதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, வாலாஜா, குடியாத்தம் அரசு மருத்துவமனைகள், காந்தி நகரிலிருந்து வாணியம்பாடி வரை இருக்கும் பத்து, இருபது கட்டில் நர்சிங் ஹோம்கள் என்று பரவி நடக்கின்றன. மயக்க மருத்துவத்துக்கென்றே முழுநேரத் துறை இருக்கும் இடத்தில் மார்ஃபினும் இருக்கும், ஸ்கேனும் இருக்கும், தேர்வு செய்ய முடியும். சின்ன நர்சிங் ஹோமில் போதை மருந்துச் சட்டத்தின் பதிவேடு, கணக்கு ஆகியவற்றுக்குப் பயந்து மார்ஃபின் வைத்திருப்பதில்லை. 2014 திருத்தம் உரிமத்தை எளிதாக்கிய பிறகும் பல இடங்களில் அந்தத் தயக்கம் போகவில்லை. ஆகவே டாப் பிளாக் மிகவும் தேவைப்படுவது அங்கேதான். ஆனால் ஸ்கேன் கருவி பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின்கீழ் பதிவானது. கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேனையும் பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிக்கே பயன்படுத்தலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. காலையில் காட்பாடி, மதியம் ஆற்காடு என்று ஓடும் மயக்க டாக்டர் சொந்த ஸ்கேனைப் பையில் போட்டுக் கொண்டுபோக முடியாது. பெண் சிசுவைக் காக்க வந்த சட்டம் அவசியமானது, அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. நர்சிங் ஹோம்கள் செய்ய வேண்டியது, தியேட்டரிலும் பயன்படுத்தும்படி கருவியையும் மயக்க டாக்டரின் பெயரையும் முறையாகப் பதிவு செய்வது. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் நடக்கக்கூடிய வேலை. “எங்க தியேட்டர்ல ஸ்கேன் கிடையாது” என்ற பதில் வந்தால் கருவி இல்லையா, பதிவு இல்லையா என்று விசாரியுங்கள்.

ஸ்கேன் இல்லாமலும் வழி உண்டு. மழுங்கல் முனை ஊசியால் இரண்டு முறை ‘டப்’ என்று சவ்வு விடுவதை விரலில் உணர்ந்து போடும் பழைய முறை ஒன்று. பருமனான உடலில் அந்த இரண்டாவது ‘டப்’ ஏமாற்றும், குடல் வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதைவிட நல்லது, வயிறு திறந்திருக்கும்போதே ஆபரேஷன் செய்பவர் உள்ளே கை வைத்துக் குடலை விலக்கிக் காத்துக்கொண்டு வெளியிலிருந்து ஊசியைச் செலுத்தும் முறை. அதுவும் இல்லையென்றால் தையல் ஓரம் முழுவதும் 0.25% ப்யூபிவகெய்ன் 20 முதல் 30 மி.லி. பரவலாகப் போடச் சொல்லலாம். டாப் பிளாக்கை விட நேரம் குறைவுதான், ஆனால் ஒன்றுமே போடாததைவிட எவ்வளவோ மேல். கூடுதல் செலவு ஒரு வயலும் ஒரு சிரிஞ்சும்.

ஊசி நின்று வேலை செய்வது பொதுவாக 8 முதல் 12 மணி நேரம். சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். 4 முதல் 8 மி.கி. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்தால் சில மணி நேரம் கூடும், சர்க்கரை நோயாளிக்கு அன்று சர்க்கரையும் கூடும். காலை 11 மணிக்குப் போட்டது இரவு 7 முதல் 11 மணிக்குள் விலகும். அந்த நேரத்தில்தான் டியூட்டி மாறுகிறது, வார்டில் ஆள் குறைகிறது, பார்மசிக்குச் சீட்டு கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. பகல் முழுவதும் “வலியே இல்லை சிஸ்டர்” என்று சொன்னவருக்கு டிரிப்ஸ் மருந்தை நிறுத்திவைத்திருப்பார்கள். மரப்பு விலகியதும் வலி ஒரேயடியாக ஏறும், அதைப் பிடித்து இறக்க இரட்டிப்பு மருந்து தேவைப்படும். இந்தச் சேவைக்கு நாங்கள் மதிப்பெண் போடுவது ஊசியைப் பார்த்து அல்ல, அந்த இரவைப் பார்த்துத்தான். நன்றாக நடத்தும் இடத்தில் வலி இருக்கிறதோ இல்லையோ, பாராசிட்டமால் 1 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்கும் (50 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 15 மி.கி.). சிறுநீரகம், வயிற்றுப்புண், ஆஸ்துமா, ரத்தக்கசிவு தொந்தரவு இல்லாதவர்களுக்கு டைக்ளோஃபினாக் 75 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இவை இரண்டும் சாயங்காலமே, மரப்பு விலகுமுன்பே உள்ளே போய்விட வேண்டும். இரவில் வலி தாண்டினால் என்ன போடுவது என்று பகலிலேயே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு டிரமடால் என்ற வலி மருந்து என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிளாக் மருந்தைப் பொறுத்தவரை பாலில் போவது மிகச் சொற்பம், பால் கொடுக்கத் தடையில்லை.

வலியை எப்படிக் கேட்கிறார்கள் என்பதிலும் தரம் தெரியும். இங்கே தமிழோடு, சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி உருது, வங்காளம் என்று வார்டில் நான்கு மொழி. முகப்படம் போட்ட அட்டையைக் காட்டி, 0 முதல் 10 வரை எவ்வளவு, படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று கேட்கும் சிஸ்டர் இருக்கும் வார்டு நல்ல வார்டு. இருமும்போது கேட்பது முக்கியம். படுத்திருந்தால் யாருக்கும் 2, 3 என்றுதான் வரும். “பொம்பளைன்னா கொஞ்சம் தாங்கணும்மா” என்ற பேச்சை இன்னும் சில வார்டுகளில் கேட்க முடிகிறது. பிரசவத்தில் பெண்கள் சாவதைப் பார்த்துப் பதறி, ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் தொடங்கிய ஊர் இது. இந்த ஊரில் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்கக் கூடாது. வலிக்குப் பயந்து இருமாமல், எழுந்து நடக்காமல் கிடப்பவருக்குத்தான் நெஞ்சில் சளி கட்டுவதும் காலில் ரத்தம் உறைவதும் நடக்கின்றன.

ஆபத்துகள் அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மருந்து இடுப்பு வழியே இறங்கித் தொடை நரம்பைத் தொட்டால் ஒரு கால் சில மணி நேரம் வலுவிழக்கும். முதல்முறை கட்டிலைவிட்டு இறங்கும்போது முட்டி மடங்கி விழுவது இதனால்தான். படுத்தபடியே முட்டியை மடக்காமல் ஒவ்வொரு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லி, பிறகுதான் இறக்க வேண்டும், அதுவும் பக்கத்துக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு. மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் உதட்டைச் சுற்றி மரப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், உளறல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று வரிசையாக வரலாம். கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பிரசவித்தவர்களுக்கும் இது குறைந்த அளவிலேயே வரக்கூடும். முழு மயக்கத்தில் இருப்பவரால் உதடு மரப்பதைச் சொல்ல முடியாது. அதனால் ஊசிக்குப் பிறகு குறைந்தது 30 நிமிடம் மானிட்டரைக் கழற்றக் கூடாது. மாற்று மருந்து 20% லிப்பிட் எமல்ஷன் (ரத்தத்தில் ஏற்றும் கொழுப்புக் கலவை), கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே, அதாவது 50 கிலோவுக்கு 75 மி.லி. பால்போல் இருக்கும் மயக்க மருந்தான புரோபோஃபோல் இதற்குப் பதிலாகாது. பிளாக் போடும் தியேட்டரில் இந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அங்கே பிளாக் போட்டுக்கொள்ள நாங்கள் சொல்ல மாட்டோம். இந்த ஒரு விஷயத்தில் சமரசமே இல்லை.

செலவைப் பொறுத்தவரை மருந்து விலை மிகக் குறைவு. தனி ஊசி வாங்கினால் முதுகு ஊசியைவிடப் பல மடங்கு ஆகும். பில்லில் கூடுவது மயக்க டாக்டரின் கட்டணம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் என்றால் தொகுப்புத் தொகைக்குள்தான் எல்லாம். பிளாக்குக்குத் தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள். தனிக் கட்டண வார்டில் என்றால் பில்லில் ‘நரம்பு பிளாக்’ என்று எழுதிவாங்குங்கள், மயக்கக் குறிப்பில் மருந்தின் பெயரும் மி.லி.யும் போட்ட நேரமும் இருக்க வேண்டும். அந்த நேரம் தெரிந்தால்தான் இரவுச் சிஸ்டரால் மாத்திரையின் நேரத்தைக் கணக்கிட முடியும்.

கூட இருக்கும் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மரத்திருக்கும் வயிற்றில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு அவளுக்குத் தெரியாது, தோல் வெந்து கொப்புளமான பிறகே தெரியும். வயிற்று பெல்ட்டையும் அன்று கண்ணால் பார்த்துத் தளர்வாகப் போடுங்கள், இறுக்கமா என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. அடிவயிற்றிலோ தொடையிலோ மரப்பு அடுத்த நாள் அதே நேரம் தாண்டியும் இருந்தால் வார்டு டாக்டரிடம் மட்டும் சொல்லி விட்டுவிடாமல், ஊசி போட்ட மயக்க டாக்டரையே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.